அடைத்த தெருவுக்குப் பால் யார் கொண்டுபோவது?

வாசகர் கேள்விகள் பகுதியில் இந்த முறை, தொற்றுநோய் பரவும் காலத்தில் ஒரு நகர நிர்வாகம் தன் வேலைகளை எப்படி மாற்றிக்கொள்கிறது என்று கேட்டு வந்த கடிதங்கள். வடசென்னையில் 34 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி, 2022-இல் ஓய்வு பெற்ற நம் வாசகர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: கொரோனா நேரத்தில் எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அடைப்பதோடு நிர்வாகத்தின் வேலை முடிந்துவிடுகிறதா? (வாசகி, வியாசர்பாடி)

அம்மா, அடைத்த நிமிடத்தில்தான் வேலையே தொடங்குகிறது. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பாட்டி.

2020 மே மாதம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சந்து. 42 வீடுகள், பாதிக்கு மேல் ஒற்றை அறை. சவுக்குக் கட்டைகளை நட்டு, அவற்றில் தகரம் அடித்துக்கொண்டிருந்தோம். கடைசித் தகரம் ஏறுவதற்கு முன்னால், கையில் தூக்குவாளியோடு ஒரு பாட்டி வந்து நின்றார். "சரி தம்பி, உள்ளேயே இருக்கிறோம். நாளைக்குக் காலையில் பால்?" என்று கேட்டார். என்னிடம் பிளீச்சிங் பவுடர் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, நெற்றியில் காட்டிச் சூடு பார்க்கும் கருவி இருந்தது. பாலுக்குப் பதில் இல்லை.

அன்று இரவு ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். வீட்டு எண், எத்தனை தலைகள், கைக்குழந்தை உண்டா, என்ன மாத்திரை, எந்தத் தேதியில் தீரும். மறுநாள் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினேன். ஏழாம் எண் வீட்டில் சர்க்கரை மாத்திரை வியாழக்கிழமை தீருகிறது. பத்தொன்பதில் ஆறு மாத இரட்டைக் குழந்தைகள். இருபத்து மூன்றில் ஒருவருக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அவருக்காகத் தகரத்தைத் திறக்கத்தான் வேண்டும், வண்டியும் வேண்டும். முப்பத்தொன்றில் இரண்டு ஆடுகள். தழைக்கு எங்கே போவார்கள்? முப்பத்தெட்டில் பூக்கட்டி விற்கும் அம்மா. அன்றன்று விற்றால்தான் அன்றன்று உலை கொதிக்கும். கேஸ் சிலிண்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. அது என் தவறு. மூன்றாம் நாள் காலை பன்னிரண்டாம் எண்ணில் அடுப்பு அணைந்துபோய், பச்சைக்குழந்தைக்கு வெந்நீர் வைக்கக்கூட வழியில்லாமல் அந்தப் பெண் தகரத்தைத் தட்டினாள். அதன் பிறகு நோட்டில் இன்னொரு கோடு போட்டு, சிலிண்டர் எப்போது மாற்றியது என்றும் எழுதத் தொடங்கினேன்.

வெளியே வராதே என்று சொல்லும் அதிகாரத்தைச் சட்டம் நமக்குத் தருகிறது. நம் மாநிலத்தின் பொது சுகாதாரச் சட்டம் 1939-ஆம் ஆண்டிலேயே வந்தது. நாட்டில் இந்த வகையில் அதுதான் முன்னோடி. ஆனால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய நொடியிலேயே ஒரு கடனும் நம் தலையில் ஏறிவிடுகிறது. அவர் வெளியே போய் என்னென்ன வாங்கி வந்தாரோ, யாரைப் பார்க்கப் போனாரோ, அத்தனையையும் நாம் உள்ளே கொண்டு போக வேண்டும். இந்தப் பாடத்தைச் சென்னையே படிப்படியாகத்தான் கற்றது. 2020 ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். ஆனாலும் பொருளுக்கு மக்கள் கடைக்குத்தான் வர வேண்டியிருந்தது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு போட்டபோது, அதே 1,000 ரூபாய் வீட்டு வாசலுக்கு வந்தது. வீட்டுத் தனிமையில் இருப்பவர்களுக்குக் கடைக்குப் போய்வர மாநகராட்சி தன்னார்வலர்களை அமர்த்தியதும் அந்த மாதத்தில்தான். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் ஏப்ரலில் மனிதன் நடந்தான். ஜூனில் பணம் நடந்தது. தொற்றுக் காலத்தில் நகர நிர்வாகம் எப்படி மாற வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் இந்த இரண்டு மாதங்களைத்தான் காட்டுவேன்.

உங்கள் தெருவில் பால் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வராமல் இருந்திருந்தால், உங்கள் கோபம் நியாயமானது.

கேள்வி: தினமும் ஒரு பெண் வந்து 'காய்ச்சல் இருக்கிறதா' என்று கேட்டுவிட்டுப் போவார். 'இல்லை' என்போம். இதனால் ஏதாவது பயன் இருந்ததா? (இல்லத்தரசி, அம்பத்தூர்)

இருந்தது அம்மா. எந்த அளவு என்பது யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

சென்னை மாநகராட்சிக்கு அப்போது 15 மண்டலங்கள், 200 வார்டுகள். இவற்றில் வீடு வீடாகப் போய் விசாரிக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட களப்பணியாளர்கள் இறக்கப்பட்டார்கள். பலர் இளம்பெண்கள், அந்தந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள், தற்காலிகப் பணி. என்னோடு வந்தவர்களில் ஒரு பெண், வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் விற்பனை வேலை பார்த்தவர். கடை மூடியதும் வருமானம் நின்று, இந்த வேலைக்கு வந்தார். முதல் இரண்டு நாள் எல்லோரையும் போல 'காய்ச்சல் இருக்கிறதா' என்று கேட்டார். எல்லா வீட்டிலும் 'இல்லை'. மூன்றாம் நாளிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டார். "அக்கா, இன்று என்ன சமையல்?" அவ்வளவுதான். புளிக்குழம்பு, கருவாடு என்றால் சரி. கஞ்சி, மிளகு ரசம் என்று பதில் வந்தால் அந்த வீட்டில் நின்று இன்னும் இரண்டு வார்த்தை பேசுவார். "தாளிக்கும் வாசனை வருகிறதா அக்கா?" என்பார். வாசனை தெரியாமல் போவதும் இந்த நோயின் அடையாளம் என்று அப்போதுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரத்தில் அவர் கண்டுபிடித்த அளவுக்கு எங்களில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. புடவையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதே வாங்குவாரா மாட்டாரா என்று முகத்தில் படித்தவர் அல்லவா! அந்தப் படிப்பு இங்கே உதவியது.

மக்கள் ஏன் மறைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நோய்க்குப் பயந்து மறைத்தவர்கள் குறைவு. சைரன் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வரும் ஆம்புலன்சுக்கும், கதவில் ஒட்டும் அறிவிப்புத் தாளுக்கும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உரிமையாளருக்கும் பயந்தவர்கள்தான் அதிகம். ஆம்புலன்சைத் தெருமுனையிலேயே சைரன் இல்லாமல் நிறுத்தச் சொன்னோம். அன்றைக்கே எங்கள் பகுதியில் இரண்டு வீட்டார் தாங்களாக வந்து சொன்னார்கள்.

அந்தத் தாளால் நானே ஒரு குடும்பத்துக்குத் தீங்கு செய்திருக்கிறேன். சென்னையில் வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. பட்டியலில் இருந்தது பழைய எண்; நான் ஒட்டியது புதிய எண் கொண்ட கதவில். அந்த வீட்டுப் பெண் வீட்டு வேலை செய்து பிழைப்பவர். படம் எப்படியோ பரவி, அவர் வேலை செய்த இரண்டு வீடுகளிலும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தாளைக் கிழித்தெடுக்க ஒரு நிமிடம். அந்த இரண்டு வீடுகளுக்கும் அவரோடு போய், வாசலில் நின்று, தவறு என்னுடையது என்று சொல்லிப் புரியவைக்க மூன்று நாட்கள் ஆயின. ஒரு வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு வீட்டார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நோயாளியின் கதவில் ஊரறியத் தாள் ஒட்டுவது வேண்டாம் என்று அன்று முதல் சொல்லிவருகிறேன்.

இந்தக் கதவு விஷயம் நூறாண்டுக்கு மேல் பழையது. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. மறு ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் ராண்ட் என்ற ஆங்கில அதிகாரி, பட்டாளத்து ஆட்களை வீடுகளுக்குள் அனுப்பிச் சோதனை போட்டார். அடுப்படி, பூசை அறை என்று பாராமல் நுழைந்தார்கள்; பெண்களையும் சோதித்தார்கள். ஊர் கொதித்தது. 1897 ஜூன் 22 இரவு ராண்ட் சுடப்பட்டார். அதன் பின்னணியில் இருந்த சாப்பேகர் சகோதரர்கள் தூக்கிலேறினார்கள். நோயைத் தேடி வீட்டுக்குள் போவது இரண்டு காலத்திலும் ஒரே வேலைதான். அங்கே பூட்சு நுழைந்தது. இங்கே கேட்டுக்கு வெளியே நின்று ஒரு பெண் என்ன சமையல் என்று கேட்டாள்.

உங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு அந்த வெயிலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: கோயம்பேடு சந்தையை முன்கூட்டியே மூடியிருந்தால் அவ்வளவு பரவியிருக்காது அல்லவா? (கல்லூரி மாணவர், விழுப்புரம்)

தம்பி, மூடுவது எளிது என்று நினைக்கிறாய். கோயம்பேடு என்பது 295 ஏக்கர், 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். நள்ளிரவில் லாரிகள் வந்து சேரும். மூட்டை தூக்குபவர்கள் இறக்குவார்கள். விடிவதற்குள் சில்லறை வியாபாரிகள் வாங்கிப் போவார்கள். ஏழு மணிக்குச் சென்னைத் தெருக்களில் தள்ளுவண்டியில் கத்தரிக்காய் வரும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை உருவினால் நகரம் மறுநாளே வெறும் சோறு தின்ன வேண்டியதுதான்.

என் வருத்தம் வேறு. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அறிவிப்புக்கும் ஊரடங்குக்கும் இடையே கிடைத்த ஒரே நாளில், 25-ஆம் தேதி, சந்தையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டம். கூட்டத்தைக் குறைக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைச் சேர்த்துவிட்டது. மே 5-இல் சந்தை மூடப்பட்டது. அதற்குள் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் கடலூருக்கும் அரியலூருக்கும் உங்கள் விழுப்புரத்துக்கும் ஊர் திரும்பியிருந்தார்கள். நோயும் அவர்களோடு பயணம் செய்தது. மே 10 வாக்கில் திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை திறந்தார்கள். பழமும் பூவும் மாதவரத்துக்குப் போயின. இடையில் இருந்த அந்த ஐந்தாறு நாட்களைத்தான் நான் குறை சொல்வேன். புதுச் சந்தையைத் திறந்துவிட்டுப் பழையதை மூடியிருக்க வேண்டும். திருமழிசையில் 200 கடைகள் அளவுக்குத்தான் இடம், வெட்டவெளி, மழை பெய்தால் சேறு. வியாபாரிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. காய்கறிக் கடைகள் கோயம்பேட்டுக்குத் திரும்ப செப்டம்பர் 28 ஆயிற்று.

மறு ஆண்டு, 2021 மே 24 முதல் மளிகைக் கடையைக்கூட மூடி ஊரடங்கு போட்டபோது, காய்கறி வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். வண்டி வரும் நேரம் தெரிந்துவிட்டால் யாரும் முண்டியடிப்பதில்லை. எங்கள் தெருவுக்குப் பத்தரை மணிக்கு ஒரு குட்டியானை வரும். ஒலிபெருக்கியில் "தக்காளி, வெங்காயம்" என்று கேட்டதும், பையோடு நான்கு பேர் இறங்கி வருவார்கள். அவர்கள் மேலே போனதும் அடுத்த நான்கு பேர். முதல் ஆண்டே இதை இன்னும் பரவலாகச் செய்திருக்கலாம்.

கேள்வி: அம்மா உணவகங்களை அந்த நேரத்தில் எப்படி நடத்தினார்கள்? (வாசகர், திருத்தணி)

கதவை மூடவே இல்லை ஐயா. சென்னையில் மட்டும் ஏறக்குறைய நானூறு உணவகங்கள் இருந்தன. 2013-இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கியபோது யாரும் இதைத் தொற்றுக்கான ஏற்பாடாக நினைத்திருக்க மாட்டார்கள். ஊரடங்கில் மற்ற ஓட்டல்கள் மூடி, தட்டு ஏந்தக்கூட இடமில்லாமல் நின்றவர்களுக்கு, எரியும் அடுப்போடும் வேலை தெரிந்த பெண்களோடும் வார்டு வார்டாகச் சமையற்கட்டு தயாராக இருந்தது. 2020 ஜூன் ஊரடங்கில் சாப்பாடு இலவசம். எனக்குத் தெரிந்த ஒரு ஆட்டோ ஓட்டுநர், காசு கொடுத்துச் சாப்பிட்டபோது நிமிர்ந்து வந்தவர், இலவசம் என்றானதும் மூன்று நாள் வரவில்லை. உணவகத்து அம்மாவே ஆள் அனுப்பி அழைத்துவரச் செய்தார். அந்த அம்மாவுக்கு அதைச் செய்யச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் போகவில்லை.

கேள்வி: என் அம்மா தூய்மைப் பணியாளர். கொரோனா நேரத்தில் எல்லோரும் கை தட்டினார்கள், மாலை போட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் நினைப்பது தவறா? (கல்லூரி மாணவி, கண்ணகி நகர்)

தவறே இல்லை அம்மா. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

2020 மார்ச் 25 முதல் பஸ் இல்லை, ரயில் இல்லை. கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் ஆறு மணிக்குள் வேலை இடத்தில் நிற்க வேண்டுமே, எப்படி? பணியாளர்களுக்கென்று தனி வண்டிகள் விட்ட பிறகுதான் ஓரளவு சமாளிக்க முடிந்தது. நின்றுகொண்டே லாரியில் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆறடி இடைவெளி விடுங்கள் என்று எழுதிய பலகையின் அடியில் அந்த லாரி நின்றது.

வெளியே யாருக்கும் தெரியாத கஷ்டம் ஒன்று உண்டு. உன் அம்மாவுக்குத் தெரியும். குப்பை எடுக்கும் பெண்கள் வழக்கமாக ஒரு டீக்கடையிலோ சின்ன ஓட்டலிலோ கைகழுவி, தண்ணீர் குடித்து, கழிப்பறைக்கும் அங்கேயே போய்க்கொள்வார்கள். ஊரடங்கில் அத்தனையும் மூடிக் கிடந்தன. காலை ஆறு முதல் பிற்பகல் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தார்கள். குடித்தால் போக இடமில்லை. எங்கள் பிரிவில் ஒரு பணியாளர் மயங்கி விழுந்தபோது எல்லோரும் கொரோனா என்று பதறினோம். வெறும் தண்ணீர் இல்லாத மயக்கம் அது. பக்கத்தில் இருந்த ஒரு பள்ளியின் சாவியை வாங்கி, அதன் கழிப்பறையையும் குழாயையும் அவர்களுக்குத் திறந்துவிட்டோம். பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தைத் திறக்க ஒரு பணியாளர் மயங்கி விழ வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மாலை போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. ஆனால் கையுறை, சோப்பு, கழிப்பறை, ஏறிவர ஒரு வண்டி, மாதம் பிறந்தால் குறையாத கூலி, தொற்று வந்தால் விடுப்போடு சம்பளம்: இவற்றைக் கேள். வெட்கப்படாமல் கேள். அம்மாவுக்கு என் வணக்கம்.

கேள்வி: இறந்தவரின் உடலை எங்கள் பகுதி மயானத்தில் புதைக்க விடாமல் சிலர் தடுத்தார்கள். அப்படிப் புதைப்பதால் தண்ணீரிலோ காற்றிலோ நோய் பரவுமா? (வாசகர், செங்கல்பட்டு)

பரவாது. முறைப்படி உறையிட்டு, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்த உடலிலிருந்து இந்த நோய் அக்கம்பக்கத்துக்கு வராது. மூச்சும் பேச்சும் உள்ளவரிடமிருந்து வருவதுதான் கொரோனா. 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லால் அடித்தார்கள். நோயாளிக்காக உயிர் கொடுத்தவருக்கு ஆறடி மண் மறுத்த நாள் அது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 26 அன்று, இப்படித் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் மயானத்தைச் சுற்றி வாழும் மக்களிடம் முதல் வாரத்திலேயே போய் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதிக் கல் தரையிலேயே கிடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: 2021 மே மாதம் என் தந்தைக்குப் படுக்கை தேடி அலைந்தோம். அதற்குள் நிர்வாகம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லையா? (வாசகர், கொளத்தூர்)

ஐயா, உங்கள் வேதனைக்கு முன்னால் எந்த விளக்கமும் சின்னதுதான். அந்த மாதம் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றதை நானும் பார்த்தேன். உள்ளே இடம் கிடைக்கும்வரை ஆம்புலன்சே படுக்கையாகிவிட்டது. அதனால் அடுத்த நோயாளியை ஏற்றிவர வண்டி இல்லை. கார்களை ஆம்புலன்சாக மாற்றி ஓட்டினார்கள். ஆக்சிஜன் அளவு நன்றாக இருப்பவரைப் பரிசோதனை மையத்தில் பார்த்து வீட்டுக்கோ கவனிப்பு மையத்துக்கோ அனுப்பினார்கள். படுக்கை விவரத்தை 104 எண்ணில் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் சரியான காரியம்தான். ஆனால் நோய் ஏறும் வேகத்துக்கு ஒரு வாரம் பிந்தியது என்றால், அந்த வாரத்தில் அலைந்தவர் நீங்கள். வேறு என்ன சொல்ல?

கேள்வி: எல்லோரும் கொரோனா வேலைக்குப் போய்விட்டால் டெங்கு, தடுப்பூசி எல்லாம் என்ன ஆகும்? (செவிலியர், தூத்துக்குடி)

நல்ல கேள்வி, தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. வீட்டுத் தொட்டியைத் திறந்து புழு பார்க்கும் கொசுத் தடுப்புப் பணியாளர்களைத்தான் முதலில் கொரோனாவுக்கு இழுத்தோம், ஏனென்றால் வீட்டு வாசல் ஏறத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஊரடங்கு கிடையாது. நல்ல தண்ணீரில் முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். அதனால் காய்ச்சல் விசாரிக்கப் போகும்போதே தொட்டி மூடியையும் ஒரு பார்வை பார்த்து வரச் சொன்னோம். குழந்தைகளுக்கான புதன்கிழமைத் தடுப்பூசியைக் காய்ச்சல் நோயாளிகள் வரும் வாசலிலிருந்து பிரித்து, வேறு வாசலில், நேரம் குறித்து நடத்த வேண்டும். காசநோய் மாத்திரை சாப்பிடுபவரை மாத்திரைக்காக நடக்கவிடாமல், ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் நிலையத்தில் இரண்டு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள் அம்மா.

கேள்வி: தொற்றுக்குப் பிறகு உண்மையாகவே மாறிய ஊர் ஏதாவது உண்டா? (பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்)

சூரத். 1994 செப்டம்பரில் அங்கே பிளேக் என்ற செய்தி பரவியதும் லட்சக்கணக்கானவர்கள் கிடைத்த ரயிலில் ஏறி ஓடினார்கள். அதற்கு முன்பே தப்தி ஆற்று வெள்ளம் ஊரை முக்கி எடுத்திருந்தது. குப்பையும் செத்த கால்நடைகளும் தெருவில் கிடந்தன. அது பிளேக்தானா என்று நிபுணர்கள் பல காலம் வாதிட்டார்கள். சூரத்தின் சாக்கடைக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை.

1995-இல் எஸ்.ஆர். ராவ் மாநகராட்சி ஆணையராக வந்தார். நகரத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஆணையரின் அதிகாரத்தை மண்டல அதிகாரிகளுக்கே பகிர்ந்து கொடுத்தார். குளிரூட்டிய அறையை விட்டுத் தினசரி வேலை நடக்கும் தெருவுக்கு வாருங்கள் என்று, காலையில் அத்தனை அதிகாரிகளையும் களத்துக்கு இறக்கினார், தானும் இறங்கினார். தெருக்களை இரவில் பெருக்கினார்கள். ஆக்கிரமிப்பை இடிக்கும்போது பெரிய மனிதர் வீடு, சின்னவர் வீடு என்று பார்க்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள், சண்டிகருக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது தூய்மையான நகரம் என்று ஓர் அமைப்பு அதைச் சொன்னது. ஊழியர்கள் அதே பழைய ஊழியர்கள்தான். ஓர் அதிகாரி தன் கண்ணால் தினமும் பார்க்கும் சாக்கடை நீண்ட நாள் அடைத்துக் கிடக்காது. என் 34 ஆண்டிலும் நான் கண்டது அதுதான். உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஒரு சிறிய நகராட்சியில் வார்டு உறுப்பினர். இன்னொரு தொற்று வந்தால் என் வார்டில் முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்? (பெயர் வேண்டாம் என்றார், டெல்டா மாவட்டம்)

வந்த பிறகு செய்வதை மேலிடத்திலிருந்து உத்தரவாகவே அனுப்பிவிடுவார்கள். வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு நோட்டு வாங்குங்கள். தனியாக வாழும் முதியவர்கள் யார், எந்த வீடு என்று எழுதுங்கள். டயாலிசிசுக்குப் போகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், பேறுகாலம் நெருங்கிய பெண்கள். ரேஷன் அட்டையே இல்லாத குடும்பங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் பையன்கள் எந்தக் கொட்டகையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது. பள்ளிக்கூடச் சாவி, சமுதாயக் கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. மயானத்தைப் பார்த்துக்கொள்பவரின் வீடு எது என்பது. இந்த நோட்டு அலுவலகப் பீரோவில் இருக்கக் கூடாது, உங்கள் பையில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும், ஏனென்றால் குழந்தை பிறக்கும், பாட்டி இறப்பார், வாடகைக்கு இருப்பவர்கள் மாறுவார்கள். அதில் உள்ள பெயர்களை நீங்களும் செவிலியரும் தவிர யாரும் பார்க்கக் கூடாது. என் நோட்டின் பக்கம் ஒன்றை யாரோ போட்டோ எடுத்துவிடுவார்களோ என்று நான் பயந்ததைப்போல நீங்களும் பயப்பட வேண்டும்.

பிறகு, உங்கள் வார்டில் மக்கள் எங்கெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் நடந்து பாருங்கள். தண்ணீர் லாரி, ரேஷன் கடை, வங்கியில் முதியோர் பென்ஷன் வாங்கும் நாள், மீன் வண்டி. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில், இதே பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக என்ன வண்டி, எத்தனை ஆள் வேண்டும் என்று எழுதுங்கள். நாளைக் காலை தண்ணீர் லாரியிலிருந்தே தொடங்கலாம். முதல் குடத்தை எத்தனை மணிக்கு வைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை வைப்பவர் பெரும்பாலும் தூக்கம் வராத ஒரு பாட்டியாகத்தான் இருப்பார். அவருக்குத் தெருவில் எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரியும். அவரிடம் பேசுங்கள்.